ஆளில்லாத நிரலை ஏற்று நடத்தலாமா?

கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள், எழுதியவர் கவனிக்காமல் விட்டுவிட்ட திறமூல மென்பொருளை (எவரும் நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருளை) இன்னொருவர் ஏற்று நடத்துவது பற்றியே கேட்டிருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இப்பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: நான் ஒரு சிறு நிறுவனத்தில் நிரலராகப் பணிபுரிகிறேன். கடைகளுக்கான எங்கள் பில்லிங் மென்பொருளில், ரசீதை அச்சுப்பொறிக்கு அனுப்புவதற்கு, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஒரு திறமூல நூலகத்தை (பிற நிரல்கள் எடுத்தாளும் நிரல்தொகுதியை) நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். அதை எழுதியவர் இரண்டரை ஆண்டுகளாகப் புதிய பதிப்பு எதையும் வெளியிடவில்லை. அதன் நிரல் வைக்கப்பட்டிருக்கும் கிட்ஹப் தளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பிழைக் குறிப்புகள் பதிலின்றிக் கிடக்கின்றன. நான் அனுப்பிய திருத்தங்களும் அப்படியே நிற்கின்றன. அதன் பராமரிப்பை நானே ஏற்கலாமா? யாரைக் கேட்க வேண்டும்? (பொள்ளாச்சி)

பதில்: ஏற்கலாம். ஆனால் யாரைக் கேட்பது என்பதற்கு முன்னால், அந்த நூலகம் உண்மையிலேயே கைவிடப்பட்டதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும் சிறு நிரல் ஒன்று ஐந்து ஆண்டுகள் ஒரு வரிகூட மாறாமல் இருப்பதில் வியப்பில்லை. அது தேய்ந்துபோகும் பொருளல்ல. புதிய பதிப்பு வரவில்லை என்பதைவிட, வரவேண்டிய காரணம் இருந்தும் வரவில்லை என்பதையே பார்க்க வேண்டும். அந்த நாற்பது குறிப்புகளையும் ஒருநாள் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படியுங்கள். "இந்த வசதியும் இருந்தால் நன்றாயிருக்கும்" என்ற விருப்பங்களை ஒதுக்கிவிட்டால், புதிய பைத்தான் பதிப்பில் நிறுவ முடியவில்லை, ரூபாய்க் குறி வெறும் கட்டமாக அச்சாகிறது என்பன போன்ற உண்மையான கோளாறுகள் பத்தோ பன்னிரண்டோ மிஞ்சக்கூடும். அவற்றில் எத்தனையை உங்களால் திருத்த முடியும் என்பதோடு, எத்தனையைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் மேசைமேல் இருப்பது ஒரே வகை அச்சுப்பொறியாகவும், நூலகம் பதினைந்து வகைகளை ஆதரிப்பதாகவும் இருந்தால், மீதிப் பதினான்கு வகைகளை வைத்திருப்பவர்களில் இருவர் மூவரையாவது தேடிப்பிடித்துத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் பொறுப்பேற்பது விவேகமாகாது. நல்ல வேளையாக, அவர்களுடைய பெயர்களும் அந்த நாற்பது குறிப்புகளிலேயே இருக்கும்.

அடுத்து, எழுதியவருக்கே எழுதுங்கள். பொதுவில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் "இது செத்துவிட்டதா?" என்று கேட்பதைத் தவிர்த்து, அவருடைய மின்னஞ்சலுக்குத் தனியாக எழுதுவதே மரியாதை. இத்தகைய கடிதங்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே கெட்டுப்போகின்றன. "எனக்கு அனுமதி கொடுங்கள்" என்று தொடங்கும் கடிதத்தைப் பெறுபவர், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சாவியைக் கேட்பதாகவே எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்வதே சரியும்கூட. மாறாக, நான்கு ஆண்டுகளாக இன்ன வேலைக்கு இதைப் பயன்படுத்துகிறோம், இன்னின்ன ஏழு பிழைகளைத் திருத்தி என் பிரதியில் வைத்திருக்கிறேன், அவற்றைச் சோதித்த முறை இது, தங்களுக்கு நேரமில்லையெனில் புதிய பதிப்பு ஒன்றை வெளியிடுமளவுக்கு உதவச் சித்தமாயிருக்கிறேன் என்று எழுதுங்கள். நிரலை ஒப்படைக்கும்படி கேட்கவே தேவையிராமல் போகலாம். 1996 ஆம் ஆண்டில் எரிக் ரேமண்ட் தம்முடைய மின்னஞ்சல்களை இறக்கிக்கொள்வதற்காக, கார்ல் ஹாரிஸ் எழுதிய பாப்கிளையண்ட் என்ற நிரலை எடுத்துத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். அதற்குள் அந்த நிரலில் ஆர்வம் குன்றியிருந்த ஹாரிஸ், வந்த திருத்தங்களைப் பார்த்துவிட்டு நிரலையே அவரிடம் ஒப்படைத்துவிட்டார். அதுவே பிறகு ஃபெட்ச்மெயில் என்று பெயர் மாறிப் பரவியது. பின்னாளில் ரேமண்டும் அதை வேறு சிலரிடம் விட்டு விலகினார்.

பதிலே வரவில்லையென்றால் என்ன செய்வது? இதற்கு ஒவ்வொரு சமூகமும் ஒரு நடைமுறை வகுத்திருக்கிறது. உங்களுடையது பைத்தான் நூலகம் என்பதால், பைத்தான் தொகுப்புகளை (நிறுவிக்கொள்ளத் தயாராகக் கட்டிய நிரல்களை) எவரும் இறக்கிக்கொள்ளும் பொதுக் கிடங்கான பைப்பிஐ 2018 இல் ஏற்றுக்கொண்ட பெப் 541 என்ற விதித்தொகுப்பே உங்களுக்குப் பொருந்தும். உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாமலும், கடந்த 12 மாதங்களில் புதிய பதிப்பு ஏதும் வராமலும், திட்டத்தின் முகப்புப் பக்கத்தில் அவருடைய நடமாட்டம் இல்லாமலும் இருந்தால் மட்டுமே ஒரு திட்டம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். கிடங்கை நடத்துவோர் அவரைக் குறைந்தது 3 முறை அணுகிப் பார்ப்பார்கள், 6 வாரம் வரை காத்திருப்பார்கள். கேட்பவர் மூன்று செய்திகளை மெய்ப்பிக்க வேண்டும்: தாமே உரிமையாளரை அணுக முயன்று தோற்றது, தம்முடைய பிரதியில் மேம்பாடுகளைச் செய்து காட்டியிருப்பது, வேறொரு பெயரில் வெளியிடுவது ஏன் போதாது என்பதற்கான காரணம். இவ்வளவும் இருந்தும் கிடங்கை நடத்துவோருக்கு ஐயம் எழுந்தால் மறுக்கலாம். ஆகவே இன்றைக்கே ஒரு குறிப்பேடு தொடங்கி, எந்தத் தேதியில் எந்த முகவரிக்கு எழுதினீர்கள் என்று பதிந்துவாருங்கள். தன்னார்வலர்கள் நடத்தும் இயங்குதளமான டெபியன் லினக்ஸிலும் இதற்கு இணையான வழி உண்டு. கவனிப்பாரற்ற தொகுப்பை மீட்டெடுக்கும் எண்ணத்தை வெளிப்படையாக அறிவித்துவிட்டு, மறுப்பு வருகிறதா என்று 21 நாள் பொறுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது மெய்ப்பிப்புதான் பலருக்கும் இடறுகிறது, ஏனெனில் பெரும்பாலான நேரங்களில் வேறு பெயரில் வெளியிடுவதே போதும். பைத்தானில் படங்களைக் கையாள்வதற்கு ஃப்ரெட்ரிக் லுண்ட் எழுதிய பிஐஎல் என்ற நூலகத்தின் 1.1.7 பதிப்பு 2009 இல் வந்ததோடு வெளியீடு நின்றுபோயிற்று. 2010 இல் சிலர் அதைப் பிரதியெடுத்து, பில்லோ என்ற பெயரில் தனியாக வளர்க்கத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் அவர்கள் சரிசெய்ய நினைத்தது நிறுவுவதில் இருந்த தொல்லையை மட்டுமே. 2013 இல் பைத்தான் 3 க்கான ஆதரவும் பில்லோவில்தான் வந்தது. நிறுவும்போது பில்லோ என்றும், நிரலுக்குள் அழைக்கும்போது பழையபடி பிஐஎல் என்றும் வைத்துக்கொண்டார்கள். அதனால் ஆயிரக்கணக்கானோர் தம் நிரலில் ஒரு வரியும் மாற்றாமல் புதிய வீட்டுக்குக் குடிபெயர முடிந்தது. இன்று பழைய பெயரை நினைவுகூர்பவர்கள் குறைவு. பெயருக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட இந்த வழி எனக்கு நாகரிகமாகப் படுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அலுவலகத்தில், அலுவலக வேலையின் பகுதியாக எழுதிய திருத்தங்கள் உங்களுடையவை அல்ல. 1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பணியின் போக்கில் உருவான படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளியே என்று 17 ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, அத்திருத்தங்களைத் திறமூல உரிமத்தில் வெளியிட நிறுவனம் சம்மதிக்கிறது என்று ஒரு பத்தியாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிச் சம்மதம், சம்மதித்த மேலாளர் வேறு நிறுவனத்துக்குப் போகும்வரைதான் செல்லும்.

கேள்வி: நான் பயன்படுத்தும் ஒரு நிரலின் ஆசிரியர், கேட்ட மறுநாளே "தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டார். அவரிடமிருந்து எவற்றையெல்லாம் பெற்றுக்கொள்ள வேண்டும்? (கோயம்புத்தூர்)

பதில்: நிரலின் களஞ்சியத்தை (நிரலும் அதன் மாற்ற வரலாறும் வைக்கப்படும் இடத்தை) பெற்றுக்கொண்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள்; அது பாதிகூட இல்லை. தொகுப்புக் கிடங்கில் பதிப்பை வெளியிடும் உரிமை, சோதனைகளைத் தானாக ஓட்டும் சேவைக் கணக்கு, அதற்குள் சேமித்திருக்கும் ரகசியக் குறியீடுகள், பாதுகாப்புப் பிழைகளைத் தெரிவிக்கும் மின்னஞ்சல் முகவரி, ஆவணங்கள் இருக்கும் தளம், அதன் டொமைன் பெயர் (இணைய முகவரிப் பெயர்), அந்தப் பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுபவர் யார் என்ற விவரம் ஆகிய அனைத்தும் வேண்டும். அவருடைய கடவுச்சொல்லை மட்டும் வாங்காதீர்கள். உங்கள் கணக்கை உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். அவருடைய பெயரும் சில மாதங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். பதிப்புகளுக்குக் கையொப்பமிடும் அவருடைய ரகசியச் சாவியையும் பெறாதீர்கள். உங்களுடைய சாவியை நீங்களே உருவாக்கிக்கொண்டு, இனி இதுதான் என்று அவர் தம் சாவியால் ஒருமுறை கையொப்பமிட்டு அறிவிக்கும்படி கேளுங்கள்.

டொமைன் பெயரைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2022 மே மாதத்தில் பைப்பிஐ கிடங்கில் சிடிஎக்ஸ் என்ற சிறு தொகுப்புக்கு நேர்ந்தது அதனால்தான். 2014 க்குப் பிறகு கை படாமல் கிடந்த அந்தத் தொகுப்பின் ஆசிரியர், தம் சொந்த டொமைனில் இருந்த மின்னஞ்சலையே கணக்கில் கொடுத்திருந்தார். டொமைனுக்கான காலம் முடிந்து அது யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலைக்கு வந்தபோது, ஒருவர் அதை விலைக்கு வாங்கி, அதே மின்னஞ்சல் முகவரியை மீண்டும் உண்டாக்கி, "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்ற பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான், கணக்கு அவர் கைக்கு வந்தது. அதன்பின் அவர் ஏற்றிய பதிப்புகள், நிறுவியவர்களின் கணினியிலிருந்த சூழல் மாறிகளை, அதாவது பெரும்பாலும் ரகசியக் குறியீடுகள் வைக்கப்படும் இடத்தை, வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. 2024 முதல் பைப்பிஐ எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2025 இலிருந்து காலாவதியான டொமைன்களில் உள்ள முகவரிகளைக் கண்டறிந்து அவற்றின் உறுதிப்பாட்டையும் நீக்கி வருகிறது. ஆயினும் உங்கள் டொமைனுக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

பொறுப்பேற்றபின் முதல் பதிப்பில் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் தகுதி, அடக்கிக்கொள்ளாதவன் என்ற முறையில் எனக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தேதிகளைப் படித்துப் பிரிக்கும் ஒரு சிறு நூலகத்தை ஏற்றுக்கொண்டேன். இரண்டிலக்க ஆண்டுகளை, அதாவது 12-3-87 என்ற வகைத் தேதிகளை ஏற்கும் ஒரு செயற்கூறு அதில் இருந்தது. "பயன்படுத்த வேண்டாம்" என்று முந்தைய ஆசிரியரே ஆவணத்தில் எழுதி வைத்திருந்தார். யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று முதல் பதிப்பிலேயே அதை வெட்டி எறிந்தேன். மூன்றாம் நாள் ஓர் உள்ளாட்சி அலுவலகத்துக்கு நிரல் எழுதித் தந்த ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. பழைய பதிவேடுகளிலிருந்து பிறப்புச் சான்றிதழ் அச்சிடும் பணி காலையிலிருந்து நின்றுபோயிருக்கிறது என்றும், வெளியே வரிசை நிற்கிறது என்றும், கோபமே இல்லாமல் எழுதியிருந்தார். அந்தக் கோபமின்மைதான் என்னைச் சுட்டது. அன்று மாலையே வெட்டியதை ஒட்டிப் புதிய பதிப்பு வெளியிட்டேன். ஆகவே முதல் பதிப்பில் ஏற்கெனவே காத்திருக்கும் திருத்தங்களும், புதிய பராமரிப்பாளர் யார் என்ற அறிவிப்பும் மட்டும் இருக்கட்டும். எதையாவது நீக்குவதானால், ஒரு பதிப்பில் எச்சரிக்கை காட்டி, குறைந்தது இன்னொரு பதிப்பு வரையிலாவது பொறுத்து, பிறகு நீக்குங்கள்.

கேள்வி: எக்ஸ்இசட் மென்பொருளில் நடந்த சதிக்குப் பிறகு, புதிதாக ஒருவர் பராமரிப்புக்கு வந்தால் யார்தான் நம்புவார்கள்? மாணவனாகிய நான் இதில் இறங்குவதில் பொருளுண்டா? (யாழ்ப்பாணம்)

பதில்: நம்பக் கூடாது என்பதும் உண்மை, நம்பாமல் முடியாது என்பதும் உண்மை. அந்நிகழ்ச்சியை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருப்பது. அதை லாசே கொல்லின் என்பவர் ஏறக்குறையத் தனியாளாகவே கவனித்து வந்தார். 2021 இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022 இல் வேறு சில புதுப் பெயர்களிலிருந்து, திருத்தங்கள் தேங்குகின்றன, இன்னொரு பராமரிப்பாளரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று நெருக்கும் கடிதங்கள் வந்தன. தமக்கு நெடுநாளாக மனநலம் சரியில்லை என்றும், இது ஊதியமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்பதை நினைவில் வைக்க வேண்டும் என்றும் கொல்லின் பதில் எழுதினார். படிப்படியாக ஜியா டான் இணைப் பராமரிப்பாளரானார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழிசெய்யும் கள்ளக்கதவு இருந்தது.

அது வெளிப்பட்ட விதம் வேடிக்கையானது. மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய 0.3 நொடிக்குப் பதில் 0.8 நொடி ஆவதைக் கவனித்தார். அந்த அரை நொடியை விடாமல் துருவிப்போய், 2024 மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களின் (டெபியன் போன்றவற்றின்) நிலைத்த பதிப்புகளுக்கு அந்தக் கள்ளக்கதவு இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

இதற்கு ஐந்தரை ஆண்டு முன்னால், 2018 இல், ஜாவாஸ்கிரிப்ட் உலகில் ஈவெண்ட்-ஸ்ட்ரீம் என்ற தொகுப்புக்கு இதுவே இன்னும் எளிதாக நடந்தது. வாரத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் முறை இறக்கப்பட்டுவந்த அத்தொகுப்பைத் தாம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத நிலையில், நான் கவனித்துக்கொள்கிறேன் என்று மின்னஞ்சலில் கேட்ட ஒருவரிடம் அதன் ஆசிரியர் டொமினிக் டார் ஒப்படைத்தார். வந்தவர் செப்டம்பரில் சேர்த்த துணைத் தொகுப்பு ஒன்று, குறிப்பிட்ட ஒரு பிட்காயின் பணப்பைச் செயலியிலிருந்து திருடுவதற்கென்று எழுதப்பட்டது. நவம்பரில்தான் அது பிடிபட்டது. டாரைக் குறை சொன்னவர்கள் நிறைய. அத்தனை லட்சம் முறை இலவசமாக இறக்கிக்கொண்டவர்களில் ஒருவராவது அதற்கு முன்னால் வந்து "நான் கொஞ்சம் சுமக்கிறேன்" என்று கேட்டிருந்தால் என்ன என்பதே என்னுடைய எண்ணம்.

இனி உங்களைப் பற்றி. நம்பச் சொல்லிக் கேட்பதைவிட, நம்பத் தேவையில்லாதபடி வேலை செய்வது எளிது. எக்ஸ்இசட் சதி எங்கே ஒளிந்திருந்தது என்று பாருங்கள்: சோதனைக்காக என்று சொல்லி வைக்கப்பட்ட, மனிதரால் படிக்க முடியாத இரும வடிவக் கோப்புகளில் நஞ்சு இருந்தது, அதை உயிர்ப்பிக்கும் வரி, பதிப்பு வெளியீட்டுக்கென்று கட்டிய பொதியில் மட்டும் இருந்தது, எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை இதற்கு நேரெதிரானவை. ஒவ்வொரு மாற்றத்தையும் பத்து நிமிடத்தில் படித்துவிடக்கூடிய அளவில் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். படிக்க முடியாத கோப்பைச் சேர்க்க நேர்ந்தால், அதை உண்டாக்கிய நிரலையும் கூடவே சேருங்கள். வெளியிடும் பொதியை உங்கள் மடிக்கணினியில் கட்டாமல், பொதுவில் எல்லோரும் பார்க்கும் சேவையில் களஞ்சியத்திலிருந்தே கட்டுங்கள். பொதியும் களஞ்சியமும் ஒன்றுதானா என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மாணவராயிருப்பது இதில் ஒரு குறையே அல்ல. சொல்லப்போனால், பரீட்சைக் காலத்தில் மூன்று வாரம் வரமாட்டேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போகும் பராமரிப்பாளரை நான் பெரிதும் மதிப்பேன். ஒன்று மட்டும்: வாரத்துக்கு ஒருமுறை யாரோ வந்து பொறுப்பைக் கொடு, சீக்கிரம் கொடு என்று நெருக்கினால், அவர் எவ்வளவு திறமைசாலியானாலும் அந்த அவசரத்தையே காரணமாக வைத்து இன்னும் மெதுவாகச் செல்லுங்கள்.

கேள்வி: பராமரிப்பை ஏற்றபின் உரிமத்தை மாற்றலாமா? பழைய ஆசிரியரின் பெயரை எடுத்துவிடலாமா? (சேலம்)

பதில்: இரண்டும் கூடாது. பராமரிப்பு கைமாறுவதால் பதிப்புரிமை கைமாறுவதில்லை. ஒவ்வொரு வரியும் அதை எழுதியவருக்கே (அலுவலகப் பணியாக எழுதியிருந்தால் அவருடைய நிறுவனத்துக்கே) உரியது, அவர் காலமாகியிருந்தால் அவருடைய வாரிசுகளுக்கு உரியது. இந்தியச் சட்டப்படி இது ஆசிரியரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கும். எம்ஐடி, ஜிபிஎல் உள்ளிட்ட உரிமங்களெல்லாம் பதிப்புரிமைக் குறிப்பை அப்படியே வைத்திருக்கச் சொல்கின்றன. உங்கள் பெயரை அதன் கீழே ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்தி வெளியிடுபவரும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும் என்று வற்புறுத்தும் ஜிபிஎல் போன்ற உரிமத்தைத் தளர்த்த விரும்பினால், எழுதிய ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும். காணொளி இயக்கும் விஎல்சி மென்பொருளின் குழுவினர் 2011, 2012 ஆண்டுகளில் தம் நிரலின் பெரும்பகுதியை ஜிபிஎல்லிலிருந்து அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது நூற்றுக்கும் மேற்பட்ட பழைய பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்தார்கள்.

கேள்வி: இதில் வருமானம் கிடைக்குமா? (மதுரை)

பதில்: எதிர்பார்த்து இறங்காதீர்கள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோதுதான், இணையத்தின் பெரும்பகுதி பாதுகாப்புக்கு நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் என்பது உலகுக்குத் தெரிந்தது. அதன்பின் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. கிட்ஹப் 2019 இல் நன்கொடை வசதியைத் தொடங்கியது. ஜெர்மனி 2022 இல் அரசுப் பணத்தில் இதற்கென்று ஒரு நிதியம் அமைத்தது. பெங்களூருவைச் சேர்ந்த பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கி ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதியை அறிவித்தது. ஆனால் இவற்றையெல்லாம் பெறுபவை பலரும் பயன்படுத்துகின்ற, சில ஆண்டுகள் ஒழுங்காக நடந்துவந்த திட்டங்களே. நேற்று ஏற்றுக்கொண்ட நூலகத்துக்கு நடைமுறையில் பணம் தரக்கூடியவர் அதை அன்றாடம் பயன்படுத்தும் உங்கள் நிறுவனமே. மாதம் இரண்டு நாள் அலுவலக நேரத்தில் இதைக் கவனிக்க அனுமதி கேளுங்கள். ரொக்கத்தைவிட எளிதாகக் கிடைப்பது அதுதான்.

கேள்வி: மற்றவர்கள் ஏற்பதைப் பற்றிக் கேட்பார்கள், நான் விடுவதைப் பற்றிக் கேட்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு நிரலை மூன்று ஆண்டுகளாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. குழந்தை பிறந்தபின் நேரமில்லை. வரும் கடிதங்களைக் கண்டாலே குற்ற உணர்வாக இருக்கிறது. (திருச்சி)

பதில்: நீங்கள் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை, திறமூல உரிமங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் "எந்த உத்தரவாதமும் இல்லை" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். ஆனால் பயன்படுத்துபவர்களுக்கு உங்கள் மௌனத்தைவிட ஒரு வாக்கியம் உதவும். களஞ்சியத்தின் முதல் பக்கத்தில், முதல் வரியாக, "இதை இனி நான் பராமரிக்கவில்லை, ஏற்க விரும்புவோர் எழுதலாம்" என்று இன்றிரவே எழுதிவிடுங்கள். குழந்தை உறங்கும் பத்து நிமிடம் போதும். டெபியனில் இப்படி அறிவித்த தொகுப்பை அநாதை என்றே குறிப்பிடுவார்கள். தத்தெடுக்க விரும்புவோர் பார்க்கும் பொதுப்பட்டியலில் அது சேரும். பெர்ல் மொழியினர் தம் கிடங்கில் இதற்காகவே, என்னைத் தத்தெடுங்கள் என்று பொருள்படும் ஒரு போலிப் பயனர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் பார்த்தும் எவரும் வரவில்லையென்றால் கிட்ஹப்பில் களஞ்சியத்தை ஆவணக் காப்பு நிலைக்கு மாற்றிவிடுங்கள். படிக்கலாம், பிரதியெடுக்கலாம், புதிய கடிதங்கள் மட்டும் வராது. கிடங்கிலிருந்து தொகுப்பை நீக்கிவிட மட்டும் துணியாதீர்கள். 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் என்பிஎம் கிடங்கிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் நீக்கியபோது, அதை நேரடியாக அறியாதவர்களின் திட்டங்களும் ஆயிரக்கணக்கில் நின்றுபோயின.

யாராவது வந்தால், மேலே மற்றவர்களுக்குச் சொன்னவற்றை அப்படியே திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்: அவருடைய பழைய திருத்தங்கள் எங்கே, எவ்வளவு நாளாக வருகிறார், அவசரப்படுத்துகிறாரா என்று பாருங்கள். யாரும் வராவிட்டாலும், கிட்ஹப் கணக்கின் அமைப்புகளில் வாரிசு என்ற இடத்தில் நம்பிக்கையான ஒருவரைக் குறித்து வையுங்கள். கணக்குக்குரியவர் இறந்துபோனால், இறப்புச் சான்றிதழைக் காட்டிய 7 நாளுக்குப் பின்னோ, இரங்கல் அறிவிப்பைக் காட்டிய 21 நாளுக்குப் பின்னோ, அந்த வாரிசு அவருடைய பொதுக் களஞ்சியங்களைக் கவனிக்க முடியும். ரூபி மொழியில் ரேக் என்ற கருவியை எழுதிய ஜிம் வைரிக் 2014 பிப்ரவரியில் திடீரெனக் காலமானபோது இந்த வசதி இருக்கவில்லை. அவருடன் வேலை செய்தவர்களும் ரூபி சமூகத்தாரும் அக்கருவியை ஏற்று நடத்தினார்கள். அவர் கடைசியாகச் சேர்த்த மாற்றத்தின் கீழே, நிரலுக்குச் சம்பந்தமில்லாத இரங்கல் வரிகளை முகம் தெரியாத பலர் எழுதிச் சென்றார்கள்.

உங்கள் நிரலின் பெயரைக் கடிதத்தில் குறிப்பிட மறந்துவிட்டீர்கள். எழுதி அனுப்பினால், ஏற்க விரும்பும் வாசகர்கள் உண்டா என்று அடுத்த இதழில் கேட்டுப் பார்க்கிறோம்.